பதில் சொன்னால் போதுமா? கலிபோர்னியாவில் சிறார் இல்லங்களையும் காட்டுத்தீ ஆயத்தத்தையும் கண்காணிக்கும் குடிமக்கள்

2009ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் வடபகுதியில் உள்ள பியூட் கவுண்டி என்ற மாவட்டத்தில், உள்ளூர் மக்கள் சிலர் சேர்ந்து எழுதிய அறிக்கை ஒன்று வெளியானது. தீயணைப்பு நிபுணர்கள் என்பதற்காகவோ பொறியாளர்கள் என்பதற்காகவோ அவர்களை யாரும் அழைக்கவில்லை. உள்ளூர் நிர்வாகத்தைத் துருவிப் பார்க்கும் சிவில் கிராண்ட் ஜூரி என்ற குழுவில் அந்த ஆண்டு இடம்பெற்ற குடிமக்கள் அவர்கள். முந்தைய ஆண்டு ஜூன் மாதம் ஹம்போல்ட் தீ என்று அழைக்கப்பட்ட காட்டுத்தீ 87 வீடுகளை எரித்திருந்தது. பாரடைஸ் என்ற மலைமேட்டு ஊரிலிருந்து கீழே இறங்கும் நான்கு சாலைகளில் மூன்று அப்போது அடைபட்டன. மிச்சமிருந்த வழியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அதை விசாரித்த ஜூரி உறுப்பினர்கள் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள்: தப்பிச் செல்லும் சாலைகள் போதாது, அவை சீராகும்வரை தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் புதிய வீடுகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வையுங்கள்.

கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு முறைப்படி பதில் அனுப்பியது. கட்டட விதிகள் முன்பைவிடக் கடுமையாகிவிட்டன, இந்தப் பரிந்துரை நியாயமானதாக இல்லை, எனவே செயல்படுத்தப் போவதில்லை என்பது அந்தப் பதிலின் சாரம். சட்டப்படி விவகாரம் அத்துடன் முடிந்தது.

2018 நவம்பர் 8ஆம் தேதி காலை ஆறரை மணியளவில், பாரடைசுக்குக் கிழக்கே ஒரு பள்ளத்தாக்கில் பழைய மின்கம்பி ஒன்றிலிருந்து தீ கிளம்பியது. பலத்த காற்றில் கங்குகள் பறந்துபோய் ஊருக்குள் விழுந்தன. ஊர் 14 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றாக வெளியேற்றத் திட்டம் இருந்தது. தீ அந்த வரிசைக்குக் காத்திருக்கவில்லை. சுமார் 26,000 பேர் ஒரே காலை நேரத்தில் அதே சாலைகளில் இறங்க வேண்டியதாயிற்று. 85 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். 18,000க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பலாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரின் பிரதான சாலையான ஸ்கைவேயின் கடைத்தெருப் பகுதியை, பாதசாரிகளின் பாதுகாப்புக்காகக் குறுக்கியும் இருந்தார்கள்.

2009இல் வீடுகட்டத் தடை போட்டிருந்தால் இந்த 85 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஊரின் பெரும்பாலான வீடுகள் அதற்கு முன்பே கட்டப்பட்டவை. வடக்கே காட்டுக்குள் போகும் மண்சாலையைத் தப்பிக்கும் வழியாக மேம்படுத்தும் யோசனை பின்னர் நிறைவேறி, அந்தச் சாலைக்குத் தாரும் போடப்பட்டது. ஆக, எச்சரிக்கை முழுவதும் வீணாகிவிடவில்லை. ஆனாலும் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் சரியான ஆட்களிடம் குடிமக்கள் கேட்டார்கள், எழுத்துபூர்வமான பதிலும் வந்தது, பிறகு ஒன்பது ஆண்டுகள் அந்தப் பதிலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையின் அக்கறை அந்தப் பதிலைப் பற்றியது. கேள்வி கேட்கும் உரிமையைக் கலிபோர்னியா தன் குடிமக்களுக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. பதில் வந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதை ஏறக்குறைய யாருடைய பொறுப்பாகவும் ஆக்காமல் விட்டுவிட்டது.

கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்கு இணையான நிர்வாகப் பகுதி. ஆனால் அதிகாரம் அதிகம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக்குழு, தனி வருவாய், தனிச் சிறை, தேர்தலில் வென்று வரும் ஷெரிஃப் என்ற காவல் தலைவர் எல்லாம் அதற்கு உண்டு. கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிராண்ட் ஜூரி அமைக்கப்பட வேண்டும் என்று மாநிலத்தின் அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. பெரும்பாலான கவுண்டிகளில் 19 பேர். 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட லாஸ் ஏஞ்சலஸில் 23 பேர். 20,000 பேருக்கு மேல் இல்லாத சிறு கவுண்டிகளில் 11 பேர். பதினெட்டு வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அந்தக் கவுண்டியில் ஓராண்டு வசித்திருக்க வேண்டும், ஆங்கிலம் போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும், பெருங்குற்றத் தண்டனை பெற்றிருக்கக் கூடாது, தேர்தலில் வென்ற பதவி எதிலும் இருக்கக் கூடாது. வழக்கமாக ஜூலை 1இல் பதவியேற்று அடுத்த ஆண்டு ஜூன் 30இல் கலைவார்கள்.

கிராண்ட் ஜூரி என்றாலே கொலை வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு ஒப்புதல் தரும் குழு என்றுதான் பலருக்கும் நினைவு வரும். இங்கிலாந்தில் பிறந்த அந்த ஏற்பாடு ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னைக்கும் வந்தது. மாகாணத் தலைநகரங்களின் நீதிமன்றங்களில் இயங்கி, 1865இல் ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது இன்றும் குற்ற வழக்குக்கான கருவியாக இருக்கிறது. கலிபோர்னியா அதற்கு இன்னொரு வேலையையும் சேர்த்தது. உள்ளூர் அரசாங்கத்தின் கணக்கையும் நடத்தையையும் துருவிப் பார்க்க வேண்டும். எந்தத் துறையை ஆராய்வது என்பதை அவர்களே தீர்மானிக்கலாம். ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம், அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். விசாரணை முழுக்க ரகசியம், சாட்சி சொன்னவர் பெயர் வெளியே வராது. 19 பேரில் 12 பேர் ஒப்புக்கொண்டால்தான் அறிக்கை வெளியாகும். மாறுபட்ட கருத்துக்குத் தனி அறிக்கை கிடையாது.

ஒரு கடமை மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விடப்படவில்லை. கவுண்டிக்குள் இருக்கும் சிறைகளின் நிலைமையையும் நிர்வாகத்தையும் ஆண்டுதோறும் விசாரிக்க வேண்டும். நடைமுறையில் பல ஜூரிகள் இதில் சிறார் தடுப்பு இல்லத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் கூர்நோக்கு இல்லம் என்று நாம் அறிந்த அமைப்புக்கு நெருக்கமானது அது. வழக்கு முடியும்வரை, அல்லது நீதிபதி சொன்ன காலம்வரை, சிறார்களைப் பூட்டி வைக்கும் இடம். அதை நடத்துவது கவுண்டியின் நன்னடத்தைத் துறை.

கிராண்ட் ஜூரியைத் தவிர இன்னொரு குடிமக்கள் அமைப்பும் உண்டு. சிறார் நீதி ஆணையம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கவுண்டியிலும் 7 முதல் 15 பேர். இவர்களில் குறைந்தது இருவர் 14 வயதுக்கும் 21 வயதுக்கும் இடைப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படி ஆள் கிடைக்கும் பட்சத்தில் என்ற விலக்குடன்தான். ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறார் இல்லங்களை இவர்கள் பார்வையிட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை ஒருவரை ஆய்வுக் குழுவில் உட்கார வைக்கச் சட்டம் இடம் கொடுத்திருப்பதை நான் மிகப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். பூட்டிய அறையில் இருப்பவன் அவனிடம் சொல்வதை அறுபது வயது அதிகாரியிடம் சொல்ல மாட்டான்.

இந்த ஆய்வு எப்படி நடக்கிறது? வழக்கமான முறை இதுதான். தேதி முன்கூட்டியே தெரிவிக்கப்படும். வாசலில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டுச் சோதனைக் கருவியைக் கடந்து உள்ளே போக வேண்டும். நிர்வாகி கூடவே வருவார். கட்டுப்பாட்டு அறை, வகுப்பறை, சமையலறை, விளையாட்டு மைதானம், காலியாக இருக்கும் ஓர் அறை என்று வரிசையாகக் காட்டப்படும். எல்லாம் சுத்தமாக இருக்கும். ஊழியர்கள் மரியாதையாகப் பேசுவார்கள். இதோடு திரும்பிவிட்டால், கட்டடம் நல்ல பராமரிப்பில் உள்ளது, உணவு தரமாக உள்ளது, பணியாளர்கள் அர்ப்பணிப்புடன் உழைக்கிறார்கள் என்ற மூன்று வரிகள்தான் எழுத முடியும். ஒவ்வொரு ஆண்டும் அதே மூன்று வரிகள் எழுதப்படும் ஆபத்து இருக்கிறது.

விஷயம் தெரிந்த ஆய்வாளர் பதிவேட்டைக் கேட்பார். அறையில் அடைக்கப்பட்டிருக்கும் சிறாரைப் பணியாளர் 15 நிமிடங்களுக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும், அந்த இடைவெளியும் மாறி மாறி இருக்க வேண்டும் என்பது மாநில விதி. தற்கொலை முயற்சிகளைத் தடுப்பதற்காக வந்த விதி இது. பதிவேட்டில் இரவு 1.00, 1.15, 1.30, 1.45 என்று விடியும்வரை ஒரே சீராக எழுதியிருந்தால், யாரோ நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டும். 1.04, 1.17, 1.29 என்று ஒழுங்கற்று இருப்பதுதான் உண்மையாக நடந்து போய்ப் பார்த்ததற்கு அடையாளம். அதேபோல, ஒரு சிறாரைத் தனியறையில் அடைப்பதற்கு 2018 முதல் கட்டுப்பாடு உண்டு. தண்டனையாக அடைக்கக் கூடாது. நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், வெளியே கொண்டுவருவதற்கான திட்டமும் வேண்டும். அந்தக் காரணங்களை வரிசையாகப் படித்தாலே இல்லத்தின் உண்மை நிலை பாதி தெரிந்துவிடும். குறைதீர் மனுக்கள் எத்தனை வந்தன, எத்தனை நாளில் பதில் தரப்பட்டது, மிளகு ஸ்ப்ரே எத்தனை முறை பயன்படுத்தப்பட்டது, அன்றைய பணிப்பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பதும் அப்படியே. சுவரின் புதுப் பெயிண்ட் எதையும் சொல்லாது.

இந்த ஆய்வின் கனம் 2021க்குப் பிறகு பல மடங்கு கூடிவிட்டது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடுமையான குற்றம் செய்த சிறார்களைக் கலிபோர்னியா 1941 முதல் மாநில அளவிலான நிறுவனங்களில் அடைத்து வந்தது. 1990களின் நடுவில் சுமார் 10,000 பேர் அங்கே இருந்தார்கள். வன்முறையும் நாள் முழுக்க அறையில் பூட்டி வைப்பதும் அம்பலமாகி, 2003இல் வழக்குத் தொடரப்பட்டது. அடுத்த ஆண்டே நீதிமன்ற மேற்பார்வை வந்தது. கடைசியில் 2020இல் ஒரு சட்டம் நிறைவேறியது. 2021 ஜூலை 1 முதல் மாநில நிறுவனங்களுக்குப் புதிதாக யாரையும் அனுப்புவது பெரும்பாலும் நின்றது. 2023 ஜூன் 30இல் அவை மூடப்பட்டன. பொறுப்பு முழுவதும் கவுண்டிகளுக்கு வந்தது. பணமும் வந்தது.

பிள்ளையை வீட்டுக்கு அருகில் வைத்துத் திருத்துவது நல்லது என்ற நோக்கம் சரியானது. நடந்தது என்னவென்றால், விசாரணைக்காகச் சில நாட்களோ வாரங்களோ தங்க வைப்பதற்கென்று கட்டப்பட்ட இல்லங்களில், இப்போது சிலர் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். 25 வயது வரையும் இருக்கலாம். மாநில நிறுவனத்தை நீதிமன்றமும் வழக்கறிஞர்களும் பத்திரிகைகளும் கவனித்தன. அந்தப் பொறுப்பு 58 துண்டுகளாகச் சிதறியபோது கவனமும் சிதறியது. மாநிலம் புதிதாக ஓர் அலுவலகத்தையும் அதில் ஒரு குறைதீர்ப்பாளரையும் நியமித்திருக்கிறது. ஆனால் சிறிய கவுண்டி ஒன்றில் வெளியாள் ஒருவர் கதவைத் தட்டி உள்ளே வருகிறார் என்றால், பெரும்பாலும் அவர் இந்தக் குடிமக்கள் குழுக்களில் ஒன்றைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார்.

ஆலோசனை சொல்லும் அமைப்புகளுக்குப் பல்லே இல்லை, உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் அனுபவம் அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள விடவில்லை. சிறைகளுக்கும் சிறார் இல்லங்களுக்கும் தரம் நிர்ணயிக்கும் மாநில வாரியம், 2023 மே மாதம் அந்தக் கவுண்டியின் இரண்டு பெரிய சிறார் இல்லங்களைத் தகுதியற்றவை என்று அறிவித்து மூடச் சொன்னது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், அவற்றில் ஒன்றின் வளாகத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் அளவுக்கு மீறிய போதைப்பொருளால் இறந்திருந்தார். கவுண்டி, முன்பு மூடிக் கிடந்த லாஸ் பட்ரினோஸ் இல்லத்தை அவசரமாகத் திறந்து பிள்ளைகளை அங்கே மாற்றியது. கட்டடம் மாறியது. வேலைக்கு வராத பணியாளர் பிரச்சினையும் கூடவே இடம் மாறியது. 2024 அக்டோபரில் லாஸ் பட்ரினோசும் தகுதியற்றது என்று வாரியம் அறிவித்தது. டிசம்பர் 12க்குள் காலி செய்ய வேண்டும். கவுண்டி காலி செய்யவில்லை. அடுத்த ஆண்டு நீதிமன்றம் தலையிட்டு எண்ணிக்கையைக் குறைக்க உத்தரவிட வேண்டியதாயிற்று.

2025 மார்ச்சில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராப் போன்டா, லாஸ் பட்ரினோஸ் பணியாளர்கள் 30 பேர் மீதான குற்றச்சாட்டை வெளியிட்டார். 2023 ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையே சிறார்களுக்குள் நடந்த 69 சண்டைகளை அனுமதித்தார்கள், சிலவற்றைத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. பாதிக்கப்பட்டவர்களாகக் குறிப்பிடப்பட்ட 143 பேரின் வயது 12 முதல் 18 வரை. சண்டை ஒன்றின் வீடியோ பத்திரிகைக்குக் கசிந்த பிறகே இதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்தக் குற்றச்சாட்டைச் சுமத்தியது ஒரு கிராண்ட் ஜூரி. ஆலோசனை சொல்லும் சிவில் ஜூரி அல்ல, குற்ற வழக்குக்கான ஜூரி. பாரடைஸிலும் இதேதான் நடந்தது. தீக்குக் காரணமான மின்கம்பியின் உரிமையாளரான பி.ஜி. அண்ட் இ. நிறுவனத்தின் மீது பியூட் கவுண்டியின் சிறப்பு கிராண்ட் ஜூரி குற்றம் சுமத்தியது. 2020 ஜூனில் அந்த நிறுவனம் 84 மரணங்களுக்குப் பொறுப்பேற்றுக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. விதிக்கப்பட்ட அபராதம் ஏறத்தாழ 35 லட்சம் டாலர். ஒரே பெயர் கொண்ட அமைப்பு, ஒரே மாதிரியான குடிமக்கள். சம்பவத்துக்கு முன்னால் வந்தால் அவர்கள் சொல்வது ஆலோசனை. உயிர் போன பிறகு வந்தால் குற்றச்சாட்டு. முதலாவதற்கு மதிப்பைக் கூட்டினால் இரண்டாவதற்குத் தேவை குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிறார் இல்லமும் காட்டுத்தீயும் ஒரே கட்டுரையில் எப்படி வந்தன என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரே ஜூரி ஒரே ஆண்டில் இரண்டையும் ஆராய்வது கலிபோர்னியாவில் சாதாரணம். நிலமும் அவற்றை இணைக்கிறது. 1930களில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சிறார்களுக்கு முகாம்கள் அமைத்தபோது, மலையடிவாரப் புதர்க்காடுகளில்தான் அமைத்தது. பிள்ளைகள் புதர் வெட்ட வேண்டும், தீத்தடுப்புப் பாதை அமைக்க வேண்டும் என்பது திட்டம். மாலிபு மலையில், பழைய முகாம் இருந்த இடத்திலேயே, சிறு குழுக்களாகத் தங்கிப் படிக்கும் நவீன வளாகமாக 2017இல் திறக்கப்பட்டது கில்பாட்ரிக். அடுத்த ஆண்டே, 2018 நவம்பரில், வூல்சி தீ வந்தபோது அங்கிருந்த பிள்ளைகளை அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. அமடோர் கவுண்டியில் பைன் குரோவ் என்ற முகாம் 1945 முதல் இருக்கிறது. அங்கே காவலில் உள்ள இளைஞர்களே மாநிலத் தீயணைப்புத் துறையின் பயிற்சி பெற்றுக் காட்டுத்தீயை எதிர்த்துப் போராடுகிறார்கள். மாநில நிறுவனங்கள் மூடப்பட்டபோதும் அந்த முகாம் தப்பியது. இப்போது கவுண்டிகள் ஒப்பந்தம் போட்டு இளைஞர்களை அனுப்புகின்றன. தீயணைப்பு முகாம்களில் பணியாற்றிய கைதிகள் விடுதலையான பிறகு தண்டனைப் பதிவை நீக்கக் கோரி, அதன் வழியாகத் தீயணைப்பு வேலைக்கே போக 2020இல் ஒரு சட்டம் வழி திறந்தது.

2025 ஜனவரி 22இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் கஸ்டெய்க் ஏரிக்கு அருகே ஹியூஸ் தீ எழுந்தபோது, பக்கத்திலிருந்த பிச்சஸ் சிறை வளாகத்திலிருந்து சில நூறு பேர் மாற்றப்பட்டார்கள். நாலாயிரத்துக்கும் அதிகமானோர் உள்ளேயே இருக்க வைக்கப்பட்டார்கள். அது பெரியவர்களுக்கான சிறை. ஆனால் கேள்வி சிறார் இல்லத்துக்கும் பொருந்தும். வீட்டில் இருப்பவன் புகையைப் பார்த்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பூட்டிய அறையில் இருப்பவனுக்குத் திறவுகோல் வைத்திருப்பவர் முடிவெடுக்க வேண்டும். பஸ் எத்தனை, ஓட்டுநர் யார், எந்தக் கவுண்டியோடு ஒப்பந்தம் இருக்கிறது, மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் மருந்துப் பெட்டியை யார் எடுப்பார்கள், பெற்றோருக்கு யார் போன் செய்வார்கள், இரவுப் பணிக்குப் பாதிப் பேர்தான் வந்திருந்தால் எப்படிச் சமாளிப்பார்கள்? சிறார் இல்லத்துக்குப் போகும் ஒவ்வொரு குடிமக்கள் குழுவும் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். வெளியேற்றத் திட்டம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ஒரு கோப்பை எடுத்துக் காட்டிவிடுவார்கள். கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

எச்சரிக்கை அனுப்புவதிலும் இதே குறைதான். 2017 அக்டோபரில் சோனோமா கவுண்டியை டப்ஸ் தீ தாக்கிய இரவில், எல்லாக் கைப்பேசிகளுக்கும் அலாரம் அனுப்பும் வசதி இருந்தும் அதிகாரிகள் அதைப் பயன்படுத்தவில்லை. மக்கள் மொத்தமாகக் கிளம்பிச் சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். அந்தத் தீயில் 22 பேர் இறந்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 7 மாலை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஈட்டன் தீ தொடங்கியது. அங்குள்ள ஆல்ட்டடீனா ஊரின் மேற்குப் பகுதிக்கு வெளியேற்ற உத்தரவு போனது மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு. இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஒரு கவுண்டி உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தை அடுத்த கவுண்டி தன் பாடமாக எடுத்துக்கொள்வதில்லை. கிராண்ட் ஜூரிகள் அவரவர் கவுண்டிக்குள்ளேயே கட்டுப்பட்டவை என்பதும் இதில் ஒரு தடை.

மரின் கவுண்டியில் வேறு மாதிரி நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, டமால்பையஸ் மலையைச் சுற்றி மரங்களுக்கு நடுவே வீடுகள் நிறைந்த கவுண்டி அது. மில் வேலி போன்ற ஊர்களில் ஒரு கார் நின்றாலே அடைபடும் குறுகிய வளைவுச் சாலைகள். 1929இல் ஒரு தீ அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்திருக்கிறது. 2019 ஏப்ரலில் அந்தக் கவுண்டியின் சிவில் கிராண்ட் ஜூரி ஓர் அறிக்கை வெளியிட்டது. சின்னச் சின்ன நகராட்சிகளும் தீயணைப்பு மாவட்டங்களும் தனித்தனியாகத் திணறுவதை விட்டு, தீத் தடுப்புக்கென்றே ஒரு கூட்டு அமைப்பையும் அதற்கென நிரந்தர நிதியையும் உருவாக்குங்கள் என்பது அதன் மையப் பரிந்துரை. தீயணைப்பு அதிகாரிகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 17 உள்ளூர் அமைப்புகள் சேர்ந்தன. 2020 மார்ச் 3இல் வாக்கெடுப்பு. கட்டடத்தின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 10 சென்ட் வரி, பத்தாண்டுகளுக்கு. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது, சுமார் 70 சதவீதம் கிடைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வருகிறது. புதர் வெட்டவும், தப்பிக்கும் பாதைகளைச் சீராக்கவும், வீடுவீடாகப் போய்ப் பரிசோதிக்கவும் அது செலவாகிறது.

மரினும் பியூட்டும் ஒரே சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மரினின் ஜூரிக்குக் கூடுதல் அதிகாரம் எதுவும் கிடையாது. வேறுபாட்டை நேர்மையாகப் பார்த்தால் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது நேரம். 2019 ஏப்ரலில் பாரடைஸின் சாம்பல் இன்னும் ஆறவில்லை, எல்லார் மனதிலும் பயம் இருந்தது. இரண்டாவது பணம். மரின் அமெரிக்காவின் மிகச் செல்வமான கவுண்டிகளில் ஒன்று, சதுர அடிக்கு 10 சென்ட் அங்கே பலருக்குச் சுமையே இல்லை. குறைந்த வருமானத்தில் வாழும் ஓய்வூதியர்கள் நிறைந்த பாரடைஸில் 2009இல் அப்படி ஒரு வரியை முன்வைத்திருந்தால் நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த இடத்தில் மாநில அரசு கைகொடுத்திருக்க வேண்டும். ஏழைக் கவுண்டியின் குடிமக்கள் எவ்வளவு கூர்மையாக அறிக்கை எழுதினாலும் அதை நிறைவேற்றப் பணம் இல்லையென்றால் பதில் ‘நியாயமானதாக இல்லை’ என்றுதான் வரும்.

இனி அந்தப் பதிலின் சட்டத்துக்கு வருவோம். மேற்பார்வையாளர் குழு போன்ற ஆட்சிக்குழுக்கள் 90 நாட்களுக்குள்ளும், ஷெரிஃப் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகள் 60 நாட்களுக்குள்ளும் பதில் தர வேண்டும். ஒவ்வொரு கண்டறிதலையும் ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: செயல்படுத்திவிட்டோம், இன்ன காலத்துக்குள் செயல்படுத்துவோம், மேலும் ஆராய வேண்டும், செயல்படுத்த மாட்டோம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆராய்வதற்கு, அறிக்கை வெளியான நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். படிக்கும்போது மிகத் தெளிவான ஏற்பாடாகத் தெரிகிறது. காலக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஓட்டை தெரியும். அறிக்கை ஜூனில் வருகிறது. ஜூன் 30இல் ஜூரி கலைகிறது. பதில் செப்டம்பரில் வருகிறது. அதை வாங்கிப் படிக்க வேண்டிய ஜூரி வேறு ஆட்களைக் கொண்ட புதிய ஜூரி. விசாரணை ரகசியம் என்பதால் முந்தையவர்கள் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை அவர்களால் எளிதில் தெரிந்துகொள்ளவும் முடியாது. ‘ஆறு மாதத்தில் ஆராய்ந்து சொல்கிறோம்’ என்ற வாக்குறுதி டிசம்பரில் காலாவதியாகும்போது, புதிய ஜூரி தன் சொந்த விசாரணைகளில் மூழ்கியிருக்கும்.

சில கவுண்டிகளின் ஜூரிகள் இதைப் புரிந்துகொண்டு, முந்தைய ஆண்டுகளின் பதில்களைப் பின்தொடர்வதற்கென்றே ஒரு சிறு குழுவை வைத்து, யார் சொன்னதைச் செய்தார்கள் என்று தனி அறிக்கை வெளியிடுகிறார்கள். கண்காணிப்பு வேலையில் இதைவிடப் பயனுள்ள பகுதி வேறில்லை என்பது என் எண்ணம். புது விஷயத்தைக் கண்டுபிடித்துத் தலைப்புச் செய்தியாவதில் கிடைக்கும் நிறைவு இதில் கிடைக்காது. ஆனால் 2010இலும் 2012இலும் 2015இலும் யாராவது ஒரு ஜூரி பியூட் கவுண்டியிடம் பாரடைஸின் சாலைகள் என்னவாயின என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால், ஸ்கைவேயைக் குறுக்கும் முடிவு அவ்வளவு எளிதாக எடுக்கப்பட்டிருக்காது.

ஜூரியில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். ஓராண்டு முழுக்க வாரத்துக்குப் பல நாட்கள் உழைக்க வேண்டிய வேலை. கவுண்டி கூடுதலாகத் தர முன்வராவிட்டால், நாளொன்றுக்கு 15 டாலரும் பயணப்படியும் என்பதே நெடுங்காலம் சட்டம் குறித்த தினப்படி. வேலைக்குப் போகிறவர், சிறு குழந்தை வைத்திருப்பவர், வாடகைக்கு ஓடுகிறவர் இதில் சேர முடியாது. அதனால் பெரும்பாலும் ஓய்வுபெற்ற, சொந்த வீடு உள்ளவர்களே வருகிறார்கள். அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அதே சமயம், வீட்டுக்காரர்களாகிய அவர்களுக்குக் காட்டுத்தீயின் பயம் சொல்லாமலே புரியும். அவர்களின் தீ அறிக்கைகளில் அந்த வேகம் தெரிகிறது. சிறார் இல்லத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் லத்தீன், கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களின் வாழ்க்கை இந்த உறுப்பினர்களுக்கு வெகுதொலைவு. அங்கே மூன்று வரி அறிக்கை வந்துவிடுவதற்கு அக்கறையின்மையைவிட அறிமுகமின்மையே காரணம். தினப்படியை உயர்த்துவதும், மாலை நேரக் கூட்டங்களுக்கு வழி செய்வதும், முன்பு அந்த இல்லத்தில் இருந்து வெளியே வந்தவர்களைச் சிறார் நீதி ஆணையத்தில் சேர்ப்பதும் இதை மாற்றும்.

சட்டத்தில் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. ‘ஆராய்கிறோம்’ என்றோ ‘செய்வோம்’ என்றோ பதில் தந்தவர்கள், குறித்த தேதியில் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும் என ஒரு வரி சேர்த்தால் போதும். புதிய அதிகாரம் எதுவும் யாருக்கும் தர வேண்டியதில்லை. 2019இல் நிறைவேறிய சட்டங்கள், தப்பிக்க இரண்டு வழிகள்கூட இல்லாத குடியிருப்புகளை அடையாளம் காணவும், வெளியேற்றப் பாதைகளின் கொள்ளளவைக் கணக்கிடவும் உள்ளாட்சிகளைக் கட்டாயப்படுத்துகின்றன. பியூட் கவுண்டி ஜூரி பத்தாண்டுகளுக்கு முன்பே கேட்டதன் பெரும்பகுதி அது.

கலிபோர்னியாவின் அலமீடா, சான்டா கிளாரா கவுண்டிகளில் பல்லாயிரம் தமிழர்கள் வசிக்கிறார்கள். குடியுரிமை பெற்றவர்களும் நிறையப் பேர். ஜூரிக்கான விண்ணப்பத்தை அந்தந்தக் கவுண்டியின் நீதிமன்றம் ஆண்டுதோறும் வரவேற்கிறது. ஓராண்டு ஒதுக்க முடியாதவர்கள் சிறார் நீதி ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். பதினான்கு வயது நிறைந்த உங்கள் மகனோ மகளோ கூட விண்ணப்பிக்கலாம். அதுவும் முடியாவிட்டால், உங்கள் கவுண்டியின் கிராண்ட் ஜூரி வெளியிட்ட பழைய அறிக்கைகளில் காட்டுத்தீ பற்றிய ஒன்றையும் சிறார் இல்லம் பற்றிய ஒன்றையும் எடுத்து, அவற்றுக்கு வந்த பதில்களில் ‘மேலும் ஆராய வேண்டும்’ என்று எழுதப்பட்ட இடங்களைப் பாருங்கள். தேதியைக் குறித்துக்கொண்டு, மேற்பார்வையாளர் குழுவின் அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் எழுந்து, அந்த ஆய்வு என்னவாயிற்று என்று கேளுங்கள்.